மெயில் திரும்பி வருகிறதா, லாகின் இழுக்கிறதா? ‘.ஆர்பா’ பக்கம் பாருங்கள்

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்தும் மாசி வீதிக் கடைகளிலிருந்தும் எனக்கு வரும் புகார்களில் ஒரு வகை உண்டு. நெட் ஓடுகிறது, வேகமும் குறையவில்லை. ஆனால் மெயில் திரும்பி வருகிறது, இல்லையென்றால் பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்கிறது. ரவுட்டரை மாற்றுகிறார்கள், வைரஸ் ஸ்கேன் ஓட்டுகிறார்கள், சில இடங்களில் சர்வரையே ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் கோளாறு வேறெங்கோ இருக்கும். ஒரு ஐபி முகவரியை, அதாவது நெட்டில் ஒரு கருவிக்கு இருக்கும் எண்ணைச் சொல்லி ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்காது, அல்லது தப்பான பதில் வந்திருக்கும்.

அந்தக் கேள்விகள் போய்ச் சேரும் இடம்தான் .ஆர்பா. .காம், .இன் இவற்றில் வாங்குவது மாதிரி இதில் (.arpa) யாரும் பெயர் வாங்க முடியாது. 1985-லிருந்து இருக்கிறது. இன்று இணையத்தின் உள்வேலைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இதன் நிர்வாகம், இணையத்தின் எண்களையும் பெயர்களையும் கவனிக்கும் ஐயானா அமைப்பிடம். 203.0.113.25 என்ற முகவரியின் பெயரைக் கேட்டால், எண்களைத் திருப்பிப் போட்டு 25.113.0.203.இன்-அட்ர்.ஆர்பா (in-addr.arpa) என்று தேடுவார்கள். அங்கே கிடைக்கும் பதிவுக்குப் பிடிஆர் என்று பெயர். தியரி இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டொமைன் பெயர் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் ஐபி முகவரியில் நீங்கள் குடியிருப்பவர்தான், பட்டா இணைப்புக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. பிடிஆர் எழுதும் உரிமையும் அவர்களிடம்தான். கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாததால் மாதக்கணக்கில் இழுப்பவை.

சோதிக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் ‘என்எஸ்லுக்அப்’ (nslookup) போட்டு ஐபியைக் கொடுங்கள். லினக்ஸில் ‘டிக் -எக்ஸ்’ (dig -x) போட்டு ஐபி. இதை ஆபீஸ் நெட்டில் ஒருமுறை, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் வருவது ரொம்ப சகஜம்.

## அறிகுறி 1: சொந்த மெயில் சர்வரிலிருந்து ஜிமெயிலுக்குப் போகும் மெயில் திரும்பி வருகிறது

உங்கள் மெயில் கூகுள், ஸோஹோ மாதிரி நிறுவனங்களின் சர்வரில் இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அங்கே பிடிஆர் அவர்கள் பொறுப்பு. சொந்தமாக ஆபீஸிலோ கிளவுடிலோ சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது.

முதல் வேலை, திரும்பி வந்த கடிதத்தை முழுக்கப் படிப்பது. ‘மெயில் போகலைங்க’ என்று போனில் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தின் போட்டோதான். அதில் 550, 5.7.25 என்ற எண்கள் இருந்தால் பிடிஆர் விவகாரம். 5.7.26 என்று இருந்தால் மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் பக்கம் போக வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எல்லா சர்வருக்கும் சரியான பிடிஆர் கட்டாயம். அதுவரை தப்பித்துக்கொண்டிருந்த பல சர்வர்கள் மாட்டிக்கொள்ள அதுதான் காரணம்.

எண் 4-இல் தொடங்கினால் மெயில் வரிசையில் காத்திருக்கும், கோளாறு சரியானதும் தானாகப் போய்விடும். 5-இல் தொடங்கினால் அப்போதே திரும்பிவிடும். சரிசெய்த பிறகு திரும்பவும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

### மெயில் எந்த ஐபி வழியாக வெளியே போகிறது?

செலவில்லாத காரணம் இது, அடிக்கடி வருவதும் இதுதான். திரும்பி வந்த கடிதத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு ஐபி இருக்கும். அது உங்கள் ஸ்டேடிக் (மாறாத) ஐபிதானா என்று பாருங்கள்.

இரண்டு இணைப்பு வைத்திருக்கும் ஆபீஸ்களில் நடப்பதைச் சொல்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஸ்டேடிக் ஐபி வரும் ஃபைபர் பெட்டி சுவரோரம் ஒரு சாதாரண பிளக்கில் மாட்டியிருக்கும். அது அணைந்ததும் ரவுட்டர் இரண்டாவது பிராட்பேண்டுக்குத் தாவிவிடும். நெட் இருப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. அன்று போன மெயில்கள் எல்லாம் வேறு ஐபியில் போய் ஒவ்வொன்றாகத் திரும்பும். சாயங்காலம் கரண்ட் வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால், மறுநாள் சோதிக்கப் போகிறவருக்கு எந்தத் தப்பும் தென்படாது.

இதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஃபைபர் பெட்டியை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ரவுட்டரில் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் ஸ்டேடிக் ஐபி இணைப்பு வழியாக மட்டும் போகும்படி ஒரு விதி போடுங்கள். இணைப்பு போனால் மெயில் சர்வரிலேயே காத்திருக்கட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி மெயில் சர்வர் சாஃப்ட்வேர்கள் வழக்கமாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

ஸ்டேடிக் ஐபி வாங்கியதாக நினைத்துக்கொண்டு வாங்காமல் இருப்பவர்களும் உண்டு. ரவுட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தில் முகவரி 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ, அது பலர் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பு. அதற்குப் பிடிஆர் கேட்டு அலைய வேண்டாம். முதலில் தனி ஐபி வாங்குங்கள்.

### ஐபி சரி, ஆனால் பெயரே வரவில்லை

என்எஸ்லுக்அப்பில் ‘நான்-எக்ஸிஸ்டன்ட் டொமைன்’ என்றும், டிக்கில் ‘என்எக்ஸ்டொமைன்’ என்றும் வரும். அதாவது பிடிஆர் எழுதப்படவே இல்லை.

இங்கேதான் பலரும் டொமைன் வாங்கிய கம்பெனியின் பேனலுக்குள் போய், அங்கே பிடிஆர் என்று ஒரு வசதி இருப்பதைப் பார்த்து, பதிவைப் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதனால் பயனில்லை. அந்தக் கேள்வியை யாரும் உங்கள் டொமைனிடம் கேட்பதில்லை. இன்-அட்ர்.ஆர்பாவிலிருந்து ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி பங்கிடும் ஏப்னிக், அங்கிருந்து முகவரி வைத்திருக்கும் இணைப்புக் கம்பெனி என்று கேள்வி இறங்கும் வழியே வேறு.

சர்வர் ஆபீஸில் இருந்தால் இணைப்புக் கம்பெனிக்கு எழுதுங்கள். கஸ்டமர் கேர் எண்ணில் ‘ரிவர்ஸ் டிஎன்எஸ்’ (ஐபியிலிருந்து பெயரைத் தேடுவது) என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. உங்கள் இணைப்பைக் கவனிக்கும் அக்கவுண்ட் மேனேஜருக்கோ, அவர்களின் நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறைக்கோ மெயில் போட வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில், சர்க்யூட் எண், ஸ்டேடிக் ஐபி, அதற்கு வேண்டிய முழுப் பெயர் மூன்றும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன்பே அந்தப் பெயருக்கு ஐபி சொல்லும் ஏ பதிவை உங்கள் டொமைனில் போட்டு வைத்துவிட்டு, அதையும் கடிதத்தில் சொல்லுங்கள். சிலர் அது இல்லாமல் பிடிஆர் போட மாட்டார்கள்.

சர்வர் கிளவுடில் இருந்தால் வேலை சுலபம். வாடகைக்குக் கொடுத்தவரின் பேனலிலேயே இருக்கும். டிஜிட்டல்ஓஷனில் சர்வருக்கு வைக்கும் பெயரே பிடிஆர் ஆகிவிடும், அதனால் அங்கே சர்வருக்குப் பெயர் வைக்கும்போதே முழு டொமைன் பெயராக வையுங்கள். அமேசானில் எலாஸ்டிக் ஐபி (அவர்களின் மாறாத ஐபி) எடுத்து, ஏ பதிவு போட்டு, அப்புறம் கேட்க வேண்டும்.

எட்டு, பதினாறு என்று ஐபிகளைத் தொகுப்பாக வாங்கியவர்களிடம் ‘ரிவர்ஸ் ஸோனை (பிடிஆர் பதிவுகளின் தொகுப்பு) உங்களுக்கே ஒப்படைக்கிறோம்’ என்று சில கம்பெனிகள் சொல்வார்கள். ஆர்எஃப்சி 2317 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொல்லும் முறைப்படி அதைச் செய்யலாம்தான். ஆனால் இரண்டு மூன்று சர்வர் மட்டுமே இருக்கும் ஆபீஸுக்கு அது வேண்டாத சுமை. ‘பதிவுகளை நீங்களே போட்டுக்கொடுங்கள்’ என்று கேட்பதுதான் நல்லது.

### பெயர் வருகிறது, ஆனால் நம்முடையது இல்லை

ஐபி எண்ணையே கோர்த்து இணைப்புக் கம்பெனி வைத்த பொதுப்பெயராக இருக்கலாம். சில இடங்களில் அதே ஐபியை முன்னால் வைத்திருந்த வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மேலே சொன்ன அதே கடிதம்தான். பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லுங்கள். பழையதும் இருக்க, புதியதும் சேர்ந்தால் ஒரே ஐபிக்கு இரண்டு பிடிஆர் ஆகிவிடும். ஒரு சமயம் சரியாகவும் ஒரு சமயம் தப்பாகவும் நடக்கும் இம்மாதிரிக் கோளாறைப் பிடிப்பது பெரும்பாடு.

### பெயர் நம்முடையதுதான், ஆனாலும் திரும்புகிறது

பெயர் கிடைத்ததும் சோதனை முடிவதில்லை. அந்தப் பெயரை வைத்துத் திரும்ப ஐபி கேட்டால் அதே ஐபி வர வேண்டும். போகிற வழியும் வருகிற வழியும் பொருந்தினால்தான் ஜிமெயில் ஒத்துக்கொள்ளும்.

இது உடைவதற்கு முக்கியமான காரணம் வெப்சைட் புதுப்பிப்பு. புது டிசைனர் வருவார், டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைத் தன் ஹோஸ்டிங்குக்கு மாற்றுவார். பழைய இடத்தில் இருந்த ‘மெயில்’ என்ற ஏ பதிவு புது இடத்தில் இருக்காது, இருந்தாலும் ஹோஸ்டிங் ஐபியைக் காட்டும். வெப்சைட் அழகாகத் திறக்கும், மெயில் திரும்பும். ஆகவே சைட்டை அண்மையில் யாராவது தொட்டார்களா என்று கேளுங்கள். ஏ பதிவைச் சரிசெய்தால் போதும், பிடிஆரில் கை வைக்க வேண்டாம்.

அதுவும் சரியென்றால், மெயில் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஹெலோ பெயரைப் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ‘மைஹோஸ்ட்நேம்’ என்ற வரி. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றோ, இன்ஸ்டால் செய்தபோது வந்த ஏதோ பெயரோ இருந்தால் பிடிஆரில் உள்ள பெயரையே அங்கேயும் வையுங்கள்.

### சில மெயில் போகிறது, சில திரும்புகிறது

இணைப்பில் ஐபிவி6 என்ற புது வகை முகவரி வந்துவிட்டதா என்று பாருங்கள். ஜிமெயிலுக்கு ஐபிவி6 முகவரியும் இருப்பதால் சர்வர் அந்த வழியில் போக முயலும். அதற்கான பெயர் ஐபி6.ஆர்பா என்ற தனி இடத்தில், முகவரியின் 32 இலக்கங்களையும் தனித்தனியாகத் திருப்பி எழுதித் தேடப்படும். ஐபிவி4-க்குப் பிடிஆர் வாங்கியவர்கள் இதை வாங்கியிருக்க மாட்டார்கள். ஐபிவி6-இல் மெயில் அனுப்பியே ஆக வேண்டிய தேவை இல்லையென்றால், போஸ்ட்ஃபிக்ஸில் ‘இனெட்_ப்ரோட்டோகால்ஸ்’ வரியை ஐபிவி4 மட்டும் என்று வைத்துவிடுங்கள். கேட்டு வாங்குவதற்குள் மெயில் ஓடிக்கொண்டாவது இருக்கும்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது?

பிடிஆர் போட்ட பிறகும் பழைய பதில் ஒரு நாள் வரை சுற்றிக்கொண்டிருக்கலாம். அதுவரை பொறுங்கள். ஒரு நாளுக்குப் பிறகும் ‘செர்வ்ஃபெயில்’ என்று வந்தால் அது பதிவு இல்லாத பிரச்சினை கிடையாது. மேலே இருப்பவர் ‘அந்த சர்வரைக் கேள்’ என்று கைகாட்ட, அந்த சர்வர் பதில் சொல்லாமல் நிற்கிறது. ‘டிக் +டிரேஸ்’ போட்டு எந்தப் படியில் அறுகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த நெட்வொர்க் ஆள் வேண்டும். அவர் எடுத்துத் தரும் வெளியீட்டை அப்படியே இணைப்புக் கம்பெனிக்கு அனுப்புங்கள். ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்’ என்ற பதிலோடு உங்களை அதற்குமேல் திருப்பி அனுப்ப முடியாது.

## அறிகுறி 2: பில்லிங் திறக்க நேரமாகிறது, திறந்த பிறகு வேகமாக ஓடுகிறது

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கணினியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர், கல்லாப் பக்கம் மூன்று நான்கு கவுன்டர். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கவுன்டரிலும் லாகின் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். உள்ளே போய்விட்டால் பில் சரசரவென்று விழும். முகூர்த்த நாளில் கூட்டம் நிற்கும்போது ஒரு கவுன்டரை மூடித் திறக்க வேண்டி வந்தால் அவ்வளவுதான்.

மூன்று கேள்வி கேளுங்கள். சர்வர் கணினியிலேயே திறந்தால் உடனே திறக்கிறதா? கவுன்டரில் மட்டும் இழுக்கிறதா? வெளி நெட் போன நாளில் இது இன்னும் மோசமாகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் ரேம் வாங்க வேண்டாம், எஸ்எஸ்டி வாங்க வேண்டாம். கவுன்டரின் 192.168 முகவரிக்குப் பெயர் என்ன என்று சர்வர் ஆர்பாவில் கேட்டுவிட்டு, வராத பதிலுக்காகக் காத்திருக்கிறது. கடைக்குள்ளேயே நடக்கும் வேலைக்கு வெளி நெட் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ரவுட்டர் வழியாக வெளியே போய்விடுவதுதான் பிரச்சினை.

லினக்ஸ் சர்வராக இருந்தால் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெயர்க் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வருக்கு 5 நொடி, இரண்டு முறை முயற்சி என்பதுதான் இயல்பான அமைப்பு. தாமதம் 5, 10, 20 நொடி என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எளிய தீர்வு, சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு கவுன்டரின் ஐபியையும் ஒரு பெயரோடு எழுதிவிடுவது. கவுன்டர்களுக்கு நிலையான ஐபி கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாளை எண் மாறிவிடும்.

அடுத்தது, மைஎஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பில் ‘ஸ்கிப்_நேம்_ரிசால்வ்’ வரியைச் சேர்ப்பது. பெயர் கேட்கும் வேலையே நின்றுவிடும். ஆனால் அதற்கு முன்னால் பயனர் பட்டியலைப் பாருங்கள். ‘கவுன்டர்2’ மாதிரி கணினிப் பெயரை வைத்து அனுமதி கொடுத்திருந்தால், இந்த வரியைப் போட்டதும் அந்தக் கவுன்டர் உள்ளேயே போக முடியாது. அனுமதியை ஐபி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, கடை மூடிய பிறகு செய்யுங்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் இந்த மாற்றத்தை அவரையே செய்யச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கும்.

கடையோ ஆபீஸோ கொஞ்சம் பெரிது என்றால் முறையான வழி, வெளியே போகும் அந்தக் கேள்வியை வாசலிலேயே நிறுத்துவது. உள்ளே டிஎன்எஸ் சாஃப்ட்வேராக டிஎன்எஸ்மாஸ்க் இருந்தால் ‘போகஸ்-பிரைவ்’ (bogus-priv) என்ற ஒரு வரி போதும். அதே வகை சாஃப்ட்வேரான பை-ஹோலில் அதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. விண்டோஸ் சர்வர் இருந்தால் ரிவர்ஸ் லுக்அப் ஸோன் ஒன்று உருவாக்குங்கள்.

லினக்ஸ் சர்வருக்கு வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போனால் பாஸ்வேர்டு கேட்கவே தாமதமாகிறது என்றால் ‘யூஸ்டிஎன்எஸ்’ வரியை ‘நோ’ ஆக்குங்கள். 2015-க்குப் பிறகு வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். அப்படியும் இழுத்தால் ‘ஜிஎஸ்எஸ்ஏபிஐ’ அங்கீகார வரியையும் நிறுத்திப் பாருங்கள்.

## அறிகுறி 3: கேமரா, பிரின்டர் பெயரைச் சொன்னால் லேப்டாப்பில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை

ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால்தான் திறக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி போனின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பு. போன் ரவுட்டரிடம் கேட்காமல் நேராக வெளியே கேட்கிறது. வெளியே இருப்பவருக்கு உங்கள் வீட்டுக் கேமரா எப்படித் தெரியும்? அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். குரோமில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். ரவுட்டரில் கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்று செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது, பல கருவிகள் இஷ்டத்துக்கு எதையாவது கேட்கும்.

அப்புறம் பெயரின் கடைசிப் பகுதி. ‘.லோக்கல்’ வைத்திருந்தால் மாற்றுங்கள், அது கருவிகள் டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கியது. சும்மா ‘.ஹோம்’ என்று வைப்பதும் சரியில்லை, அது எந்த வேலைக்கும் முறையாக ஒதுக்கப்படாத பெயர். வீட்டுக்கென்றே ‘ஹோம்.ஆர்பா’ இருக்கிறது. 2018-இல் ஆர்எஃப்சி 8375 வழியாக ஒதுக்கினார்கள். ரவுட்டரில் லோக்கல் டொமைன் என்று கேட்கும் கட்டத்தில் அதை எழுதினால் ‘கேமரா.ஹோம்.ஆர்பா’ என்று கூப்பிடலாம். பதில் போலியா என்று டிஎன்எஸ்செக் முறையில் சரிபார்க்கும் கருவிகளும் தகராறு செய்யாது. ஆபீஸ் என்றால் உங்கள் சொந்த டொமைனுக்குக் கீழேயே ஒரு பெயர் வையுங்கள்.

## அறிகுறி 4: டிரேஸ்ரூட் ஒவ்வொரு வரிக்கும் நிற்கிறது

டேட்டா போகும் வழியைக் காட்டும் கட்டளை டிரேஸ்ரூட். இது கோளாறே இல்லை. வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஆர்பாவில் பெயர் கேட்பதால் வரும் தாமதம். விண்டோஸில் ‘-டி’ (-d), லினக்ஸில் ‘-என்’ (-n) சேர்த்து ஓட்டுங்கள்.

## அறிகுறி 5: ரவுட்டர் பதிவேட்டில் ஆர்பா ஆர்பா என்று வரிகள் நிறைகின்றன

வைரஸோ என்று பயந்து கூப்பிடுகிறார்கள். எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

‘ஐபிவி4ஒன்லி.ஆர்பா’ என்றால் போனும் லேப்டாப்பும் இந்த நெட் ஐபிவி6 மட்டும் உள்ளதா என்று விசாரிக்கின்றன. ‘ரிசால்வர்.ஆர்பா’ என்றால் மறையாக்கத்தோடு பேசும் டிஎன்எஸ் இருக்கிறதா என்ற விசாரிப்பு. இரண்டையும் தடுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இன்-அட்ர்.ஆர்பாவில் 192.168 அல்லது 10 முகவரிகள் என்றால், அறிகுறி 2-இல் சொன்ன வாசல் தடுப்பைப் போட்டதும் வெளியே போவது நின்றுவிடும். கேமரா ரெக்கார்டர், பிரின்டர், நெட்வொர்க் கண்காணிப்பு சாஃப்ட்வேர் இவைதான் அதிகம் கேட்பவை.

ஒரே ஒரு கணினி, உங்கள் நெட்டுக்குச் சம்பந்தமில்லாத வெளி ஐபிகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், அதுவும் ராத்திரி ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரத்தில், அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணினியின் லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் துண்டியுங்கள். ஆனால் அணைக்க வேண்டாம், ஃபார்மட்டும் அடிக்க வேண்டாம். ரவுட்டர் பதிவேட்டை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் உள்ளே எது ஓடுகிறது என்று அவரால் பார்க்க முடியும்.